ஒரு செவிலிக்கு எத்தனை நோயாளிகள்?



நம் மருத்துவமனைக்கு நீங்கள் அனுப்பும் காணிக்கைகளில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு குறிப்பிட்ட நோக்கத்தோடு வருகின்றன. "தாயாரின் நினைவாக ஒரு கட்டில்", "ஸ்கேன் கருவிக்காக", "பிரசவ வார்டு கட்டடத்துக்காக" என்று கடிதத்தில் குறித்து அனுப்புகிறீர்கள். "இரவுப் பணி செவிலியின் சம்பளத்துக்காக" என்று எழுதி வரும் கடிதம் மிக அபூர்வம். இதில் வியப்படைய ஒன்றுமில்லை. கட்டடம் கண்ணுக்குத் தெரியும். அதன் சுவரில் ஒரு கல்லைப் பதிக்கலாம். இரவு இரண்டு மணிக்கு ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த கையின்மேல் எந்தக் கல்லையும் பதிக்க முடியாது.

ஆனால் அந்தக் கைகளின் எண்ணிக்கை கூடினால் உயிர்கள் காக்கப்படுகின்றனவா, குறைந்தால் உயிர்கள் போகின்றனவா என்ற கேள்வி கடந்த முப்பது ஆண்டுகளாக உலகில் பல இடங்களில் ஆராயப்பட்டு வருகிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் செவிலியர் சங்கம் ஒன்று இதைச் சட்டசபைக்கே கொண்டுசென்று, சட்டமாக்கியும் காட்டியது. அந்த வரலாற்றையும், அதனால் விளைந்த பலனையும், அது நமக்குச் சொல்லும் பாடத்தையும் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

செவிலி என்னதான் செய்கிறார்?

மருத்துவர் ஒரு நாளைக்கு ஒருமுறையோ இருமுறையோ வார்டைச் சுற்றி வருகிறார். மற்ற நேரமெல்லாம் நோயாளியின் அருகில் இருப்பவர் செவிலி. ஊசி போடுவதும் மாத்திரை கொடுப்பதும் அவருடைய வேலையில் நாம் காணும் பகுதி மட்டுமே. காணாத பகுதி, கவனிப்பது.

அறுவை சிகிச்சை முடிந்த நோயாளி ஒருவரை எண்ணிப் பாருங்கள். உள்ளே இரத்தம் கசியத் தொடங்கினால் அவர் உடனே அலறுவதில்லை. முதலில் நாடி சற்று வேகமாகிறது. சிறுநீர் குறைகிறது. தோல் குளிர்ந்து வியர்க்கிறது. பேச்சில் இலேசான குழப்பம் தெரிகிறது. இவற்றை முதல் மணி நேரத்திலேயே ஒருவர் கண்டுகொண்டால் மருத்துவரை அழைக்கலாம், இரத்தம் ஏற்றலாம், மீண்டும் அறுவைக் கூடத்துக்குக் கொண்டுபோகலாம். நான்காவது மணி நேரத்தில் கண்டுகொண்டால் பல சமயங்களில் காலம் கடந்துவிடுகிறது. உடனிருக்கும் உறவினர் அன்போடு கண்விழித்திருப்பார். டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்ததைச் சொல்வார். ஆனால் நாடியின் இந்த மாறுதல் அவருக்குப் புரியாது. "அப்பா நல்லா தூங்குறாங்க" என்று நினைத்துவிடுவார்.

நான்கைந்து நோயாளிகளைக் கவனிக்கும் செவிலி இத்தகைய அடையாளங்களைக் காண்பதற்கு வாய்ப்பு உண்டு. இருபது பேரையும் முப்பது பேரையும் ஒரே இரவில் ஒருவர் கவனிக்க வேண்டியிருந்தால், அவர் எவ்வளவு அர்ப்பணிப்பு உள்ளவராயிருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு கட்டிலருகில்தானே நிற்க முடியும்? இது பக்திக் குறைவோ அன்புக் குறைவோ அல்ல, வெறும் கணக்கு.

கலிபோர்னியாவில் நடந்தது

கலிபோர்னியா செவிலியர் சங்கம் 1903ஆம் ஆண்டில் தொடங்கியது. நெடுங்காலம் அது தேசிய அளவிலான அமெரிக்கச் செவிலியர் சங்கத்தின் மாநிலக் கிளையாக இருந்தது. 1990களில் அங்கே மருத்துவச் செலவைக் குறைக்கும்படி காப்பீட்டு நிறுவனங்கள் மருத்துவமனைகளை நெருக்கின. மருத்துவமனைகள் பல, பதிவுபெற்ற செவிலியரைக் குறைத்து, அவர்கள் இடத்தில் சில வாரப் பயிற்சி மட்டுமே பெற்ற உதவியாளர்களை வைத்தன. வார்டில் நின்று வேலை செய்த செவிலியர் இதைக் கண்டு கலங்கினர். 1993ல் அவர்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் பெரும்பான்மை பெற்றனர். 1995ல் தேசியச் சங்கத்தைவிட்டுப் பிரிந்தனர். ஒரு செவிலிக்கு இத்தனை நோயாளிகளுக்குமேல் கூடாது என்று சட்டம் வேண்டும் என்பது அவர்களுடைய முதன்மையான கோரிக்கை ஆயிற்று.

அது எளிதில் கைகூடவில்லை. 1996ல் அவர்கள் முன்னின்று கொண்டுவந்த ஒரு திட்டம் மக்கள் வாக்கெடுப்பில் தோற்றது. 1998ல் சட்டசபையில் நிறைவேறிய மசோதாவை அன்றைய கவர்னர் பீட் வில்சன் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு, ஷீலா கீல் என்ற உறுப்பினர் கொண்டுவந்த 394ஆம் எண் மசோதாவில் புதிய கவர்னர் கிரே டேவிஸ் 1999 அக்டோபரில் கையெழுத்திட்டார். மருத்துவமனைகளின் எல்லா வகை வார்டுகளுக்கும் செவிலியர் விகிதத்தைச் சட்டத்தின் மூலம் கட்டாயமாக்கிய முதல் அமெரிக்க மாநிலம் கலிபோர்னியாவே.

ஆனால் சட்டத்தில் எண்கள் இல்லை. அவற்றை மாநில சுகாதாரத் துறை வகுக்கவேண்டும் என்று மட்டுமே இருந்தது. பொது வார்டில் ஒரு செவிலிக்கு 10 நோயாளிகள் வரை இருக்கலாம் என்று மருத்துவமனைகளின் சங்கம் சொன்னது. 3 பேருக்குமேல் கூடாது என்று செவிலியர் சங்கம் சொன்னது. துறை இரண்டுக்கும் நடுவே நின்றது. 2004 ஜனவரி 1 முதல் பொது வார்டில் 6 பேருக்கு ஒருவர், அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 5 பேருக்கு ஒருவர் என்று விதித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் 2 பேருக்கு ஒருவர், குழந்தைகள் வார்டிலும் அவசர சிகிச்சைப் பிரிவிலும் 4 பேருக்கு ஒருவர், பிரசவ வலியோடு இருக்கும் தாய்மாரில் 2 பேருக்கு ஒருவர், அறுவை மேசையில் ஒருவருக்கு ஒருவர். நோயாளியின் நிலை மோசமானால் இதற்கும் மேலாகச் செவிலியரை வைக்கவேண்டும். சாப்பாட்டு வேளையிலும் விகிதம் குறையக் கூடாது. ஒருவர் சாப்பிடப் போனால் மற்றொருவர் அந்த இடத்தில் நிற்கவேண்டும்.

அதன்பின்னும் போராட்டம் ஓயவில்லை. 2004 நவம்பரில், அப்போது கவர்னராயிருந்த நடிகர் அர்னால்டு ஸ்வார்ஸ்னேகர், 5 பேருக்கு ஒருவர் என்ற விதியை 2008 வரை தள்ளிவைத்து அவசர உத்தரவு பிறப்பித்தார். செவிலியர் சங்கம் நீதிமன்றம் சென்றது. கவர்னர் போகும் கூட்டங்களின் வாசலிலெல்லாம் செவிலியர் சீருடையோடு நின்று கண்டனம் தெரிவித்தனர். 2005 மார்ச்சில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் கவர்னர் மேல்முறையீட்டைக் கைவிட்டார்.

பலன் என்ன?

இந்த இடத்தில் நாம் நிதானமாக இருக்கவேண்டும். ஒரு நல்ல காரியம் என்பதற்காக அதன் பலனை மிகைப்படுத்திச் சொல்வது உண்மைக்கு அழகல்ல.

சட்டம் நடைமுறைக்கு வருமுன்பே, 2002ல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் செவிலியர் பேராசிரியை லிண்டா எய்கென் குழுவினர் பெரிய ஆய்வொன்றை வெளியிட்டனர். பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை பெற்ற 2,32,342 நோயாளிகளின் விவரங்களை அவர்கள் பார்த்தனர். ஒரு செவிலியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடும்போதெல்லாம், அறுவை சிகிச்சைக்கு வந்தவர் 30 நாட்களுக்குள் இறக்கும் அபாயம் 7 சதவீதம் கூடியது. நூற்றுக்கு ஏழு பேர் அதிகமாக இறந்தனர் என்று இதற்குப் பொருளல்ல. முன்பிருந்த அபாயம் எவ்வளவோ அதன்மேல் 7 சதவீதம். ஒருவருக்கு 4 நோயாளிகள் என்ற மருத்துவமனையையும் 8 நோயாளிகள் என்ற மருத்துவமனையையும் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு 31 சதவீதம் ஆகிறது.

2010ல் அதே குழுவினர் கலிபோர்னியாவை, விகிதச் சட்டம் இல்லாத நியூஜெர்சி, பென்சில்வேனியா மாநிலங்களோடு ஒப்பிட்டனர். பொது வார்டுகளில் கலிபோர்னியாவின் செவிலி மற்ற இரு மாநிலச் செவிலியரைவிடச் சராசரியாக 2 நோயாளிகள் குறைவாகக் கவனித்தார். கலிபோர்னியாவின் விகிதம் அறுவை வார்டுகளில் இருந்திருந்தால், அறுவை சிகிச்சை நோயாளிகளின் மரணம் நியூஜெர்சியில் 13.9 சதவீதமும் பென்சில்வேனியாவில் 10.6 சதவீதமும் குறைந்திருக்கும் என்று அவர்கள் கணக்கிட்டனர். 2015ல் வெளியான மற்றொரு ஆய்வு, சட்டத்துக்குப்பின் கலிபோர்னியாவின் செவிலியர் தம் வேலையில் அடையும் காயமும் நோயும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகக் கண்டது.

மறுபக்கமும் உண்டு. நோயாளிகள் கட்டிலிலிருந்து விழுவதும் படுக்கைப் புண்ணும் சட்டத்துக்குப்பின் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை என்று சில ஆய்வுகள் காட்டின. சில மருத்துவமனைகள் செவிலியரைக் கூட்டும்போது உதவியாளரைக் குறைத்துவிட்டன. அதனால் உடம்பு துடைப்பதும் கட்டில் விரிப்பதும்கூடச் செவிலியர் தலையில் விழுந்தது. முன்பு மிகக் குறைந்த செவிலியரை வைத்திருந்த மருத்துவமனைகளுக்குப் பணப் பாரம் கூடியது. ஆகவே விகிதம் ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்யும் மந்திரம் அல்ல.

ஆனால் செலவைப் பற்றிய அச்சத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பதில் வந்திருக்கிறது. அங்கே குயின்ஸ்லாந்து மாநிலம் 2016 ஜூலையில் குறிப்பிட்ட அரசு மருத்துவமனைகளில் பகலில் 4 பேருக்கு ஒருவர், இரவில் 7 பேருக்கு ஒருவர் என்று விதித்தது. 2021ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வின்படி, அந்த மருத்துவமனைகளில் மரணங்கள் குறைந்தன. வீட்டுக்குப் போனவர் மீண்டும் வந்து படுப்பது கூடவில்லை, நோயாளி மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தன. இதனால் மிச்சமான பணம், கூடுதல் செவிலியருக்கான செலவைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் என்று ஆய்வாளர் மதிப்பிட்டனர்.

வென்றதும் தோற்றதும்

கலிபோர்னியா சங்கம் விகிதத்தோடு நின்றுவிடவில்லை. கனத்த நோயாளிகளைத் தூக்கித் தூக்கி முதுகு ஒடிந்துபோகும் செவிலியருக்காக, தூக்கும் கருவிகளும் பயிற்சியும் கட்டாயம் என்ற சட்டம் 2011ல் வந்தது. வார்டில் செவிலியர் தாக்கப்படுவதைத் தடுக்க ஒவ்வொரு மருத்துவமனையும் திட்டம் வகுக்கவேண்டும் என்ற சட்டம் 2014ல் நிறைவேறி, அதன் விதிகள் 2017ல் நடைமுறைக்கு வந்தன. கொரோனா தொற்றின்போது முகக்கவசம்கூட இல்லாமல் தவித்த அனுபவத்துக்குப்பின், மூன்று மாதத்துக்கான பாதுகாப்பு உடைகளை இருப்பில் வைக்கவேண்டும் என்ற சட்டம் 2020ல் வந்தது.

தோல்விகளும் உண்டு. எல்லாருக்கும் அரசே மருத்துவக் காப்பீடு வழங்கவேண்டும் என்ற அவர்களுடைய பெரிய கனவு 2017ல் மேலவையில் நிறைவேறியும் கீழவையில் நிறுத்திவைக்கப்பட்டது. 2022ல் வாக்கெடுப்புக்கே வரவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலச் செவிலியர் சங்கம் 2018ல் விகிதச் சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தபோது, வாக்களித்தவர்களில் ஏறக்குறைய நூற்றுக்கு எழுபது பேர் வேண்டாம் என்றனர். சிறிய மருத்துவமனைகள் மூடப்படும் என்ற அச்சம் அங்கே வென்றது. ஆனால் ஒரிகன் மாநிலத்தில் செவிலியரும் மருத்துவமனைகளும் உட்கார்ந்து பேசி, 2023ல் விகிதச் சட்டத்தை நிறைவேற்றினர்.

போராட்டம், ஊர்வலம், வழக்கு என்றெல்லாம் படிக்கும்போது நம் சபையார் சிலருக்கு மனம் சற்றே சங்கடப்படலாம். செவிலியர் பணி தேவ ஊழியம் அல்லவா, ஊழியத்தில் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்பீர்கள். யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம். காலைமுதல் மாலைவரை மோசே ஒருவனாக உட்கார்ந்து மக்களின் வழக்குகளையெல்லாம் விசாரித்ததைப் பார்த்து, அவன் மாமன் எத்திரோ அவனைப் பாராட்டவில்லை. நீயும் சோர்ந்துபோவாய், மக்களும் சோர்ந்துபோவார்கள் என்றே எச்சரித்தான். ஆயிரம் பேருக்கும், நூறு பேருக்கும், ஐம்பது பேருக்கும், பத்துப் பேருக்கும் தலைவரை ஏற்படுத்தச் சொன்னான். வேதத்திலே ஊழியத்துக்கு விகிதம் வகுத்த முதல் மனிதன் அவன்தான். மோசே அதை அவிசுவாசம் என்று தள்ளவில்லை, ஏற்றுக்கொண்டான்.

நம் தேசத்தில்

நம் நாட்டிலும் செவிலியர் சங்கமும் செவிலியர் சட்டங்களும் மிஷன் ஊழியத்தோடு சேர்ந்தே வளர்ந்தவை. இந்தியப் பயிற்சிபெற்ற செவிலியர் சங்கம் 1908ல் தோன்றியது. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909ல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1946ல் அது பட்டப்படிப்பாக உயர்ந்தது. சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் 1926லும், இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் 1947லும் வந்தன. 2023ல் நாடாளுமன்றம், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் புதிய தேசிய செவிலியர், பேறுகாலப் பணியாளர் ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது.

சம்பளத்தைப் பற்றியும் சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2016ல் நீதிமன்றம் சொன்னபடி மத்திய அரசு அமைத்த குழு, தனியார் மருத்துவமனைகளுக்குப் படிகள் வகுத்தது. 200 படுக்கைகளுக்கு மேற்பட்டவை மாநில அரசுச் செவிலிக்கு நிகரான சம்பளம் தரவேண்டும். 50 படுக்கைகளுக்குக் குறைந்தவைகூட மாதம் ரூ. 20,000க்குக் குறையாமல் தரவேண்டும். இது பரிந்துரை, நிறைவேற்றுவது மாநிலங்களின் கையில். செவிலியரின் போராட்டத்துக்குப்பின் கேரள அரசு 2018 ஏப்ரலில் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை ரூ. 20,000 ஆக்கியது. ஆனால் ஒரு செவிலிக்கு எத்தனை நோயாளிகள் என்பதில் நம்மிடம் இருப்பவை வழிகாட்டு நெறிகளே. கலிபோர்னியாவைப்போல் சாப்பாட்டு வேளையிலும் மீறக்கூடாத சட்டமாக அவை இல்லை.

மிஷன் மருத்துவமனைகளின் இக்கட்டு இங்கேதான் இருக்கிறது. ஏழைகளிடம் கட்டணம் கூட்டி வாங்க மனமில்லை. வாங்காவிட்டால் செவிலியரைக் கூட்டப் பணமில்லை. நம் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் அனுபவம் பெற்றதும் அரசு வேலைக்கோ வளைகுடா நாடுகளுக்கோ இங்கிலாந்துக்கோ போகிறார்கள். தம்பியின் படிப்பும் தங்கையின் கலியாணமும் அவர்கள் தோளில் இருக்கும்போது, போகாதே என்று சொல்ல யாருக்கு உரிமை? தியாகம் என்பது ஒருவர் தாமாகக் கொடுப்பது. மற்றவர்மேல் நாம் ஏற்றிவைப்பது தியாகமாகாது, அது சுமைதான்.

சத்திரக்காரனுக்குக் கொடுத்த பணம்

நல்ல சமாரியனைப் பற்றி நாம் எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததைச் சொல்வோம். தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதைச் சொல்வோம். அதற்குப்பின் நடந்ததை வேகமாகக் கடந்துவிடுகிறோம். மறுநாள் அவன் புறப்படும்போது சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, இவனைப் பார்த்துக்கொள், அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று பொறுப்பேற்றான். தன்னால் கூடவே இருந்து பார்க்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். ஆகவே பார்த்துக்கொள்கிறவனுக்கான கூலியைக் கொடுத்தான். அந்தப் பணம் ஒரு கட்டிலுக்காகவோ கட்டடத்துக்காகவோ கொடுத்ததல்ல, கவனிப்புக்காகக் கொடுத்தது.

படுக்கையருகே ஜெபிக்கப் போகும் எங்களிடம் நோயாளிகள் மருந்தைப் பற்றியோ கருவியைப் பற்றியோ அதிகம் பேசுவதில்லை. "ராத்திரி கூப்பிட்டதும் சிஸ்டர் வந்துட்டாங்க ஐயா" என்று சிலர் ஆறுதலோடு சொல்கிறார்கள். "கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போச்சு, பாவம், அந்தப் பொண்ணு ஒருத்திதானே" என்று சிலர் சொல்கிறார்கள். இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் இன்னுமொரு செவிலியின் சம்பளம்தான்.

ஆகையால், பிரியமான நண்பர்களே, கட்டிலுக்கும் கருவிக்கும் நீங்கள் அனுப்புவதை நிறுத்தும்படி கேட்கவில்லை. அவையும் வேண்டும். அடுத்த முறை காணிக்கை அனுப்பும்போது, உங்களால் இயன்றால், அதில் ஒரு பகுதியை "செவிலியர் பணிக்காக" என்று குறித்து அனுப்புங்கள். ஒருமுறை பெருந்தொகையாக அனுப்புவதைவிட, மாதந்தோறும் சிறு தொகையாகத் தவறாமல் வருவது இதற்கு மிகவும் உதவும். சம்பளம் மாதந்தோறும் கொடுக்கவேண்டியது அல்லவா? உங்கள் சபையின் பெண்கள் ஐக்கியமோ வாலிபர் ஐக்கியமோ சேர்ந்து ஓர் இரவுப் பணியைத் தாங்கலாம்.

ஜெபிக்கும்போது, வார்டில் நிற்கும் செவிலியரை நினைத்துக்கொள்ளுங்கள். தூர தேசங்களில் பணிசெய்யும் நம் பிள்ளைகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். சட்டம் இயற்றும் பொறுப்பில் இருப்பவர்கள் நோயாளியின் கட்டிலருகே நிற்பவரின் குரலைக் கேட்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள். சமாரியன் சத்திரக்காரனை நம்பிப் போனதுபோல, நீங்களும் எங்களை நம்பி இதுவரை தாங்கி வந்திருக்கிறீர்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஆயர்